செஞ்சியின் பல பெயர்கள்: இணைய நூலகத் தேடலும் ஒரு கோட்டையின் வரலாற்றுச் சான்றுகளும்

ஆய்வுச் சுருக்கம்

செஞ்சிக் கோட்டையின் வரலாற்றை ஆராய முற்படும் மாணவர்க்கு இன்று இணைய நூலகங்களும் தரவுத்தளங்களுமே முதல் வாயிலாக உள்ளன. ஊரின் இன்றைய பெயரை மட்டும் இட்டுத் தேடும்போது ஒரே மூலத்தின் மறுபதிவுகள் பலவாகக் கிடைக்கின்றன. வெவ்வேறு ஆட்சியாளர் வழங்கிய பிற பெயர்களின் கீழ் அமைந்துள்ள தனிச் சான்றுகளோ கண்ணுக்குப் படாமல் போகின்றன. செஞ்சி பற்றிய ஆவணங்கள் தொகுக்கப்பட்ட வரலாற்றை முன்வைத்து இச்சிக்கலை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: செஞ்சி, இணைய நூலகம், நூற்பட்டியல், மெக்கன்சி சுவடிகள், ஆனந்தரங்கப்பிள்ளை, தேசிங்குராசன் கதை

முன்னுரை

2025 சூலையில் பாரிசில் கூடிய உலக மரபுக் குழு, மராட்டியரின் படைத்துறை நிலப்பரப்புகள் என்னும் தொகுதியை உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. அத்தொகுதியிலுள்ள 12 கோட்டைகளில் 11 மகாராட்டிரத்தைச் சேர்ந்தவை. எஞ்சிய ஒன்று விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சி. இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திராயன் துர்க்கம் ஆகிய மூன்று குன்றுகளையும் மதிலால் இணைத்து நிற்கும் இக்கோட்டையைப் பற்றிய கட்டுரைகளும் மாணவர் ஆய்வேடுகளும் இனிப் பெருகும் என்பதில் ஐயமில்லை. அவை எவற்றைச் சான்றாகக் கொள்ளப் போகின்றன என்பதே கேள்வி.

ஒரு தலைமுறைக்கு முன்பு செஞ்சியிலோ திண்டிவனத்திலோ பயின்ற மாணவர் ஒருவர் தம் ஊர்க் கோட்டையைப் பற்றி எழுத விரும்பினால் ஏறத்தாழ 150 கி.மீ. பயணம் செய்து சென்னைக்குச் செல்ல வேண்டியிருந்தது. எழும்பூரில் ஆவணக் காப்பகமும் கன்னிமாரா நூலகமும் இருந்தன. அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் ஓலைகளும் தாட்சுவடிகளும் இருந்தன. துறைத்தலைவரின் கடிதம் வேண்டும். தங்குவதற்கு உறவினர் வீடு வேண்டும். எடுத்த நூலைக் கையால் படியெடுக்க வேண்டும். மூன்று நாள் சென்று முப்பது பக்கக் குறிப்புடன் திரும்புவதே பெரிது. இன்று அதே மாணவர் கைப்பேசியில் இண்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தைத் திறந்து, 1878-இல் வெளிவந்த கார்ஸ்டினின் தென்னார்க்காடு மாவட்டக் கையேட்டையும் 1906-இல் வெளிவந்த பிரான்சிசின் மாவட்ட விவரச்சுவடியையும் ஒரே மாலையில் புரட்டிவிடலாம். இது சிறிய மாற்றமன்று. நூலகத்துக்குச் செல்லும் வசதி உடையவர்க்கே வரலாறு எழுதும் உரிமை என்றிருந்த நிலையை இது பெருமளவு தளர்த்தியுள்ளது.

செஞ்சி வரலாற்றின் அடிப்படை நூல் அண்ணாமலைப் பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியர் சி. எஸ். சீனிவாசாச்சாரியார் எழுதி 1943-இல் வெளிவந்த ஆங்கில நூலாகும். பாரசீகம், மராத்தி, பிரெஞ்சு, ஆங்கிலம், தமிழ் ஆகிய மொழிகளின் சான்றுகளை அவர் ஒருங்கே திரட்டினார். அவர் கையாண்ட அச்சு நூல்களில் பெரும்பாலானவை இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆயினும் எந்தச் சான்றை எந்தப் பெயரில் தேட வேண்டும் என்று அவர் அறிந்திருந்தார். அந்த அறிவை இணையம் தானாக வழங்குவதில்லை.

ஒரு மூலமும் அதன் எதிரொலிகளும்

தேடுபொறியில் செஞ்சிக் கோட்டையை முதலில் கட்டியவர் யார் என்று வினவினால், ஆனந்தக் கோன் என்னும் ஆயர்குலத் தலைவர் ஏறத்தாழ 1190 அளவில் கட்டினார் என்ற விடை பல பக்கங்களிலும் வருகிறது. அவர் பெயரால் ஆனந்தகிரி, அவருக்குப் பின்வந்த கிருட்டிணக் கோன் பெயரால் கிருட்டிணகிரி என விளக்கமும் தொடர்கிறது. சுற்றுலாப் பக்கங்கள், கலைக்களஞ்சியப் பதிவுகள், போட்டித் தேர்வுக் குறிப்புகள் என எங்கு நோக்கினும் அதே செய்திதான். பத்து இடத்தில் கண்ட செய்தியைப் பத்துச் சான்றுடைய செய்தி என மாணவர் கொள்வது இயல்பே.

இப்பக்கங்களைப் பின்னோக்கித் தொடர்ந்தால் வந்து சேரும் இடம் ஒன்றே. அது நாராயணன் பிள்ளை எழுதிய 'கர்னாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்'. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆர்க்காட்டுப் பகுதியின் நிருவாகத்தில் இருந்த மெக்லியோட் என்னும் ஆங்கில அதிகாரியின் வேண்டுகோளுக்கிணங்க எழுதப்பட்ட தமிழ் உரைநடை நூல் அது. காலின் மெக்கன்சியின் சுவடித் தொகுப்பின் வழியாக வரலாற்றாசிரியர் கைக்கு வந்தது. மெக்கன்சி 1821-இல் மறைந்தபின் தொகுப்பைக் கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. எச். எச். வில்சன் 1828-இல் அதற்குப் பட்டியல் வெளியிட்டார். வில்லியம் டெய்லர் 1857 முதல் 1862 வரை மூன்று தொகுதிகளாக விரிவான விளக்கப் பட்டியலை வெளியிட்டார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் சார்பில் டி. வி. மகாலிங்கம் தமிழ், மலையாளச் சுவடிகளின் சுருக்கங்களை 1972-இல் ஆங்கிலத்தில் அளித்தார். சுவடியிலிருந்து பட்டியலுக்கும், பட்டியலிலிருந்து சீனிவாசாச்சாரியாரின் நூலுக்கும், அதிலிருந்து வழிகாட்டிக் கையேடுகளுக்கும், கையேடுகளிலிருந்து இணையத்துக்கும் ஆனந்தக் கோன் பயணம் செய்திருக்கிறார். ஒவ்வொரு படியிலும் ஒரு செய்தி குறைந்தது: இது நிகழ்ந்ததாகக் கூறப்படும் காலத்துக்கு அறுநூறு ஆண்டுகளுக்குப் பின் எழுதப்பட்டது என்ற செய்தி.

நாராயணன் பிள்ளையின் நூலைத் தள்ளிவிட வேண்டும் என்பதன்று இதன் பொருள். வட்டார மரபு தன்னைப் பற்றி என்ன நினைவில் வைத்திருந்தது என்பதற்கு அது அரிய சான்று. 18-ஆம் நூற்றாண்டு நிகழ்ச்சிகளுக்கு அதன் மதிப்பு வேறு. 12-ஆம் நூற்றாண்டுக்கு அதன் மதிப்பு வேறு. இவ்வேறுபாட்டை எந்தத் தேடல் முடிவும் காட்டுவதில்லை.

இதற்கு மாறாக, ஆனந்தக் கோனுக்குரியதாகச் சொல்லப்படும் ஆண்டுக்குப் பல பத்தாண்டுகள் முற்பட்ட சான்று ஒன்று தமிழ் இலக்கியத்திலேயே உள்ளது. ஒட்டக்கூத்தரின் விக்கிரமசோழன் உலா, சோழ அரசனுடன் உடன்வந்த தலைவர்களைக் கூறுமிடத்தில் செஞ்சியின் தலைவனாகக் காடவன் ஒருவனைக் குறிக்கிறது. அது கோட்டையைப் பற்றிய சான்றன்று. ஊரையும் அதன் தலைவனையும் பற்றியது மட்டுமே. ஆனால் சமகாலச் சான்று. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் போன்ற முயற்சிகளால் பழந்தமிழ் நூல்கள் தேடக்கூடிய மின்பனுவல்களாக மாறிய பின்னும், செஞ்சி பற்றிய இணையப் பக்கங்களில் இக்காடவனைக் காண்பது அரிது. செய்யுளில் ஊர்ப்பெயர் வேற்றுமை உருபோடும் விகுதியோடும் புணர்ந்தே வரும். முழுச்சொல்லாகத் தேடும் பொறி அதனைத் தவறவிடும். சொற்பகுதியாகத் தேடினாலோ வேறு தொல்லை: செஞ்சிலுவைச் சங்கமும், 'செஞ்சிட்டேன்' என்னும் பேச்சு வழக்கும், திருவள்ளூர் மாவட்டத்துச் செஞ்சி பனம்பாக்கமும் வரிசையாக வந்து நிற்கும்.

கோட்டையின் பெயர்களும் ஆவணங்களின் அறைகளும்

செஞ்சியை ஆண்ட ஒவ்வோர் அரசும் அதற்குத் தன் பெயரை இட்டது அல்லது தன் நாவுக்கேற்பத் திரித்தது. பீசப்பூர் ஆட்சியில் அது பாதுசாபாத். மராத்தி ஆவணங்களில் சந்தி. முகலாயர் கைப்பற்றியபின் முற்றுகைத் தளபதி சுல்பிகார் கானின் நுசரத் சங் என்ற விருதால் நுசரத்கட். ஐரோப்பியர் எழுத்தில் அதன் முதலெழுத்தே நிலையில்லை. 'ஜி' என்றும் 'ஜே' என்றும் 'சி' என்றும் மூன்று வகையாகத் தொடங்கும், ஈற்றெழுத்தும் அவ்வாறே மாறும். இவை போதாவென்று நூலகவியலும் தன் பங்குக்கு ஒன்று சேர்த்தது. மேலைநாட்டு நூலகங்கள் தமிழ் நூல்களைப் பதியும் உரோமன் எழுத்துப்பெயர்ப்பு முறையில் சகரத்துக்கு 'எஸ்' இடுவதில்லை, 'சி' இடுவர். 'எஸ்' எழுத்தில் தொடங்கிச் செஞ்சியைத் தேடும் தமிழ் மாணவர் அந்நூலகங்களின் தமிழ் நூல்களைக் காணாமலே திரும்புவார்.

இப்பெயர்களை வெறும் எழுத்து வேறுபாடுகளாகக் கொள்வது பொருந்தாது. ஒவ்வொன்றும் ஒரு தனி அறையின் திறவுகோல். 1690 முதல் 1698 வரை நீடித்த முகலாய முற்றுகையை எடுத்துக்கொள்வோம். 1677-இல் சிவாசி கைப்பற்றிய இக்கோட்டைக்கு அவர் மகன் இராசாராம் 1689-இல் வந்து சேர்ந்தார். மராட்டிய அரசின் இருக்கையே சில ஆண்டுகள் இங்கு அமைந்தது. அவரது வருகையைக் கேசவ பண்டிதரின் 'இராசாராம சரிதம்' என்னும் வடமொழிக் காவியம் பாடுகிறது. முற்றுகையிட்ட படையில் இருந்த பீம்சேன் பாரசீகத்தில் தம் நினைவுகளை எழுதினார். புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் பிரான்சுவா மார்த்தேன் தம் நினைவுக் குறிப்புகளில் மராட்டியரின் வரவைப் பதிந்தார். அவை 1931 முதல் 1934 வரை மூன்று தொகுதிகளாக அச்சேறின. வெனிசுக்காரர் மனுச்சியின் நூலை வில்லியம் இர்வின் 20-ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் ஆங்கிலத்தில் தந்தார். கடலூருக்கருகே தேவனாம்பட்டினத்துக் கோட்டையைச் செஞ்சி மராட்டியரிடமிருந்து 1690-இல் ஆங்கிலேயர் விலைக்கு வாங்கிய செய்தி சென்னைப் புனித சார்ச்சுக் கோட்டையின் நாட்குறிப்பு, ஆலோசனைப் பதிவுகளில் உள்ளது. ஒரே எட்டாண்டு நிகழ்ச்சிக்கு வடமொழி, பாரசீகம், பிரெஞ்சு, இத்தாலியர் ஒருவரின் நூல், ஆங்கிலம் என ஐந்து சாட்சிகள்; ஐந்தும் ஐந்து பெயர்களில். தமிழில் 'செஞ்சி முற்றுகை' என்று தேடுபவர் கண்ணில் இவற்றுள் எதுவும் நேராகப் படுவதில்லை.

பெயரைப் போலவே ஆண்டும் தடை செய்யும். கோட்டை வீழ்ந்தது 1698-இன் தொடக்கம். சனவரி என்றும் பிப்ரவரி என்றும் நூல்கள் வேறுபடுகின்றன. ஆனால் அக்கால ஆங்கிலேயர்க்கு ஆண்டு மார்ச் 25-இல் தான் பிறந்தது. எனவே நம் கணக்கில் 1698-ஆன அவ்விரு மாதங்களும் அவர்கள் பதிவேட்டில் 1697-இன் இறுதி. நாளிலும் பிரெஞ்சுக்காரரின் கணக்குக்கும் ஆங்கிலேயரின் கணக்குக்கும் அன்று பத்து நாள் இடைவெளி இருந்தது. தரவுத்தளத்தின் ஆண்டு வடிகட்டியில் 1698 என இட்டுவிட்டுப் பதிவில்லை என்று முடிவுகட்டும் மாணவர், ஆவணத்தைக் குறைகூற இயலாது.

தமிழ் மூலமும் ஆங்கில வாயிலும்

1750 செப்டம்பரில் புசியின் தலைமையில் பிரெஞ்சுப் படை செஞ்சியை இரவோடிரவாகக் கைப்பற்றியது. 1761-இல் அது ஆங்கிலேயர் கைக்கு மாறியது. இக்காலத்தின் சிறந்த தமிழ்ச் சாட்சி ஆனந்தரங்கப்பிள்ளையின் நாட்குறிப்பு. 1736-இல் தொடங்கி 1761 வரை எழுதப்பட்ட அது, 1846-இல் கலுவா மொம்பிரேன் என்பவரால் புதுச்சேரியில் கண்டறியப்பட்டது. பிரைசும் இரங்காச்சாரியும் தொடங்கி டாட்வெல் முடித்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக வெளிவந்தது. அத்தொகுதிகள் இணையத்தில் எளிதில் கிடைக்கின்றன. அச்சு தெளிவானதால் எழுத்துணரி மென்பொருள் அவற்றை நன்கு படிக்கிறது. சொல்லிட்டால் பக்கம் வருகிறது. முழுமையான தமிழ்ப் பதிப்பு மு. இராசேந்திரன், அ. வெண்ணிலா ஆகியோரைப் பதிப்பாசிரியர்களாகக் கொண்டு 2019-இல்தான் வெளிவந்தது. அது பதிப்புரிமை உடைய அச்சு நூல். விலைக்கு வாங்கவோ நூலகத்தில் காணவோ வேண்டும்.

இதன் விளைவு விந்தையானது. தமிழர் ஒருவர் தமிழில் எழுதிய நாட்குறிப்பைத் தமிழ் மாணவர் ஆங்கிலத்தில் படித்து, மீண்டும் தமிழில் மொழிபெயர்த்து மேற்கோள் காட்டுகிறார். பிள்ளை பதிந்த தமிழ் ஆண்டும் மாதமும் மறைந்து ஆங்கிலத் தேதி மட்டும் நிற்கிறது. அவர் இட்ட ஊர்ப்பெயர், பணப்பெயர், பதவிப்பெயர் யாவும் ஒருமுறை உருமாறித் திரும்புகின்றன. இலவசமாகக் கிடைப்பதே சான்றாகிறது என்பது இன்றைய மாணவர் ஆய்வின் பெருங்குறை. இக்குறைக்கு மாணவரை மட்டும் பொறுப்பாக்குவது முறையாகாது.

தேசிங்கின் கதை

செஞ்சி என்றதும் மக்கள் நினைவுக்கு வருபவன் தேசிங்குராசன். வரலாற்றில் அவன் தேச்சிங், புந்தேலா இராசபுத்திரன், தந்தை சொரூப்சிங் இறந்த 1714-ஆம் ஆண்டிலேயே ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கானை எதிர்த்து மாண்ட இளைஞன். அவனது ஆட்சி ஓராண்டைக்கூட எட்டவில்லை. ஆனால் அவன் கதை இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பாடப்பட்டு, இரத்தின நாயக்கர் அண்டு சன்சு போன்றோரின் பெரிய எழுத்துப் பதிப்புகளாகச் சந்தையிலும் திருவிழாக் கடைகளிலும் விற்றது. அவன் நண்பன் மகபத்கான் பாடலில் மோவுத்துக்காரன் ஆனான். ஓர் இந்து அரசனும் ஓர் இசுலாமிய வீரனும் ஒரே களத்தில் மாண்டதைத் தமிழ் மக்கள் மறக்காமல் வைத்திருந்த விதமே ஆய்வுக்குரியது.

இணையத்தில் இக்கதையைத் தேடுவது எளிதன்று. 1960-இல் வெளிவந்த 'ராஜா தேசிங்கு' திரைப்படமும் 2013-இல் வெளிவந்த 'தேசிங்கு ராஜா' திரைப்படமும் அவற்றின் பாடல்களுமே முன்வந்து நிற்கின்றன. நூற்பட்டியல்களிலோ தேசிங்குராஜன், தேசிங்குராசன், இராஜா தேசிங்கு, தேசிங்கு ராஜா எனப் பதிவுகள் சிதறிக் கிடக்கின்றன. மலிவுத்தாளில் அச்சான சிறு நூல்கள் மின்வருடலில் மங்கலாகவே தெரிகின்றன. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முற்பட்ட ணை, லை, னா, றா முதலியவற்றின் பழைய வடிவங்களை எழுத்துணரிகள் பிறழப் படிக்கின்றன. கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பைக் கொண்டு 1994-இல் சென்னையில் அமைந்த ஆய்வு நூலகம் இத்தகைய எளிய நூல்களையும் மதித்துப் பேணியது. உயர்ந்த இலக்கியத்தை மட்டுமே நூலாகக் கருதிய நூலகங்கள் பல இவற்றை வாங்கியதே இல்லை. வாங்காத நூலை எந்த மின்வருடியும் மீட்டுத் தராது.

திறந்ததும் மூடுவதும்

இணைய நூலகம் என்றும் திறந்திருக்கும் என்ற எண்ணமும் ஆராயத்தக்கது. இந்திய மின்னூலகம் என்ற பெரிய திட்டம் பல இலட்சம் நூல்களை வருடிவைத்தது. பின்னர் அதன் தளம் செயலிழந்தது. ஆர்வலர்கள் அந்நூல்களை இண்டர்நெட் ஆர்க்கைவுக்கு மாற்றியதால் பெரும்பகுதி தப்பியது. ஆனால் தமிழ்த் தலைப்புகளை ஆளுக்கொரு விதமாக உரோமன் எழுத்தில் தட்டச்சிட்ட பிழைகளும் உடன்வந்தன. 2023 அக்டோபரில் பிரித்தானிய நூலகம் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகி அதன் மின்சேவைகள் பல மாதங்கள் முடங்கின. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், ஈழத்தில் 2005 முதல் இயங்கும் நூலகம் திட்டமும், பிரெஞ்சுத் தேசிய நூலகத்தின் காலிக்காவும் தனித்தனிக் கூரையின் கீழ் இருப்பது ஒருவகையில் நன்மையே.

முனைவர் பட்ட ஆய்வேடுகளைத் தொகுக்கும் சோத்கங்காவில் தமிழக வரலாறு பற்றிய ஆய்வேடுகள் மிகுதி. ஆனால் தமிழில் எழுதப்பட்டவற்றுள் பல ஒருங்குறிக்கு முற்பட்ட எழுத்துருக்களிலோ படங்களாகவோ ஏற்றப்பட்டுள்ளன. அவற்றினுள் சொல் தேட வழியில்லை. ஆய்வேட்டின் தலைப்பில் செஞ்சி இல்லாவிட்டால், உள்ளே ஓர் அதிகாரம் முழுதும் செஞ்சியைப் பற்றியதாக இருந்தாலும் அது வெளிப்படாது. 2025 சனவரியில் நடைமுறைக்கு வந்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் அரசு உயர்கல்வி நிறுவன மாணவர்க்குப் பன்னாட்டு ஆய்விதழ்களைத் திறந்தது. மேற்கூறிய சிக்கல்களுக்கு அது மருந்தாகாது. இவை பணத்தால் பூட்டப்பட்டவை அல்ல, பெயரால் பூட்டப்பட்டவை.

நூலகவியலில் இதற்குத் தீர்வு பழையதே. ஓர் இடத்துக்குரிய எல்லாப் பெயர்களையும் ஒரே பதிவில் இணைத்து, எதைத் தேடினும் மற்றவற்றுக்கு வழிகாட்டும் பெயர்க்கோப்பு அது. செஞ்சிக்கு அத்தகைய கோப்பை முழுமையாக அமைக்க அயல்நாட்டு நூலகர் ஒருவரால் இயலாது; ஊரறிந்தவர் கை வேண்டும். இன்றைய கோட்டைக்கு ஏறத்தாழ 5 கி.மீ. தொலைவிலுள்ள மேலச்சேரியே பழைய செஞ்சி என வழங்கப்பட்டது. அங்குள்ள குடைவரைச் சிவன்கோயில் பல்லவர் காலத்தது. சந்திராதித்தன் என்னும் மன்னன் அதனை எடுத்ததாக அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர் சிற்பங்களும், 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரைக் குறிக்கும் மிகப்பழைய கல்வெட்டும் உள்ளன. சிங்கவரத்தில் அரங்கநாதர் குடைவரை உள்ளது. மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணரின் தலைமை மடம் இருக்கிறது. கல்வெட்டுத் தொகுதிகளில் இவை மேலச்சேரி, திருநாதர்குன்று, சிங்கவரம், சித்தாமூர் என்றே பதியப்பட்டுள்ளன. செஞ்சி என்று தட்டச்சிடும் மாணவர்க்கு இவற்றுள் ஒன்றும் வருவதில்லை. அவர் ஊரிலிருந்து அவ்வூர்களுக்கு நகரப்பேருந்து போகிறது.